மூன்று எழுத்து, இருபத்துமூன்று கோடு

போன வாரம் மெட்ரோவில் காலடிப்பேட்டையில் ஏறிய ஒரு வாலிபன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்தியிருந்தான். பாம்பு, ரோஜா, கிதார் எல்லாம் போக, கடைசியில் ஒரு சீன எழுத்து. பெட்டி மாதிரி ஒரு கட்டம், உள்ளே ஏழெட்டுக் கோடு. பார்த்த மாத்திரத்தில் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. குத்தினவன் கட்டத்தை நாலு பக்கமும் போட்டு மூடிவிட்டு, அப்புறம் உள்ளே இருப்பதைத் திணித்திருக்கிறான். இடம் பற்றாமல் உள்கோடுகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன.

"இது இன்னா எழுத்து தம்பி?" என்று கேட்டேன்.

"தெர்ல பெருசு. குத்துனவன் கெத்துன்னு சொன்னான். சூப்பரா கீதுல்ல?"

சூப்பராவது மண்ணாவது. கீழ்க்கோட்டைக் கடைசியில்தான் போடவேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் இந்தக் கிழத்துக்கு முற்றிவிட்டது என்று எழுந்து வேறு சீட்டுக்குப் போயிருப்பான். வண்ணாரப்பேட்டை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே நரைத்தவனுக்குச் சீன எழுத்தில் என்ன கண்டிப்பு வேண்டிக் கிடக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாம் சுறா மீன் செய்த வேலை. சுறாவின் துடுப்பை எங்கள் தொழிலில் பீலி என்போம். நம் ஊரில் அதை ஒரு நாய்கூடச் சீண்டாது. வெட்டி, உப்புப் போட்டு, காயவைத்து, மரப்பெட்டியில் அடைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினால் அங்கே கல்யாண விருந்தில் சூப் வைத்துக் குடிப்பார்கள். இதில் கொடுமை என்னவென்றால், பீலிக்கு என்று ஒரு ருசியும் கிடையாதாம். கோழிச் சாற்றில் ஊறினால்தான் வாயில் வைக்க முடியுமாம். அப்புறம் கோழியையே குடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? இதை நான் கேட்காத ஆள் இல்லை.

ருசிதான் இல்லையே தவிர, நாற்றத்துக்குக் குறைவில்லை. அது சட்டையில் ஒட்டும், தலைமுடியில் ஒட்டும், சோற்றுப் பாத்திரத்தின் மூடியில் ஒட்டும். பஸ்ஸில் நான் ஏறினால் எனக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். வீட்டுக்குப் போனால் அம்மா தெருக் குழாயடியிலேயே மறித்துவிடுவாள். "அங்கியே நில்லு. வூட்டுக்குள்ள கால வெச்ச, அவ்ளோதான். கலீஜ் கலீஜ்!" என்று நாலு குடம் தண்ணீரைத் தலையில் கொட்டிய பிறகுதான் வாசற்படி. இருபத்துமூன்று வயசுப் பிள்ளையைத் தெருவே பார்க்கக் குளிப்பாட்டிய அம்மா எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான்.

கிடங்கு திருவொற்றியூரில், காலடிப்பேட்டைக்கு வடக்கே, கடலை ஒட்டி. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இளவயதில் சிங்கப்பூரில் இருந்து தொழில் பழகியவர், மலாய் பேசுவார். நான் அங்கே ரைட்டர். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், மாசச் சம்பளம். கோயில் திருவிழாவுக்குத் துணியில் எழுதுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. பில் எழுதுவது, பெட்டிகளின்மேல் தாரால் விலாசமும் அடையாளமும் எழுதுவது என் வேலை.

அறுபதுகளின் கடைசி. சிங்கப்பூரில் எங்கள் சரக்கை எடுக்கும் சீன முதலாளியிடமிருந்து கடுதாசி வந்தது. அந்த ஊரில் சீன முதலாளிகளைத் தவ்கே என்பார்கள். அங்கே படகிலிருந்து பெட்டி இறக்கும் கூலிகளுக்கு இங்கிலீஷ் தெரியாது, பெட்டி வேறு கடைக்குப் போய்விடுகிறது, இனிமேல் தன் கடைப் பெயரைச் சீனத்தில் எழுதி அனுப்புங்கள் என்று ஒரு தாளில் மாதிரியும் வைத்திருந்தார். மூன்று எழுத்து. எழுத்தைத் தகட்டில் வெட்டி, மேலே தார் பூசிவிடலாமே என்றேன். அது கூடாதாம். தகட்டு எழுத்தை எவன் வேண்டுமானாலும் அடிக்கலாம், கையெழுத்தாக இருந்தால்தான் நம்புவார்களாம்.

இதென்ன பிரமாதம் என்று ஒரே மத்தியானத்தில் நாற்பது பெட்டிக்கு எழுதித் தள்ளினேன். மாதிரியைப் பார்த்துப் பார்த்து அப்படியே. அண்ணாச்சிகூடத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சீனாக்காரன் தோத்தாம்லே" என்றார்.

ஒரு மாசம் கழித்து அடுத்த கடுதாசி வந்தது. அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது எழுதுன எழுத்து இல்லியாம். படம் போட்டிருக்காம். எவனோ அவங்க கடைப் பேரைத் திருடிப் போட்ட மாதிரி இருக்குன்னு கூலிக்காரன் பெட்டியைத் தொடமாட்டேன்னுட்டானாம். என்னலே பண்ணி வச்சிருக்க?"

"மாதிரில கீறா மாதிரியேதான் அண்ணாச்சி எழுதுனேன்."

"அடுத்த கப்பலுக்குள்ள ஒழுங்கா எழுதப் படி. இல்ல, எழுதத் தெரிஞ்சவனை வச்சிக்கிடுதேன்."

எழுதத் தெரிந்தவன் யார் இருக்கிறான் இந்தத் திருவொற்றியூரில்? ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா துறைமுகத்தில் காலை ஒடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். எனக்கு அடுத்து மூன்று தங்கைகள். சோற்று நேரத்தில் கிடங்கின் பின்பக்கம் உட்கார்ந்து பழைய தாள்களில் எழுதி எழுதிக் கிழித்தேன். எதில் தப்பு என்றே தெரியாமல் எதைத் திருத்துவது? மண்டை காய்ந்துபோனது.

"கோட்டை மாத்தி மாத்திப் போடுறீங்க ரைட்டரே."

பின்னால் தனபாக்கியம் நின்றிருந்தாள். பீலியைத் தரம் பிரிக்கும் பெண்களில் ஒருத்தி. இருபது வயசு இருக்கும், தினக்கூலி. பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பம். சடையங்குப்பத்தில் இருந்தார்கள். காலையில் அங்கிருந்து நடந்து, கால்வாயைத் தாண்டி வருவாள். ரங்கூனில் அவள் அப்பா ஒரு செருப்புக்கடைச் சீனர் வீட்டில் சமையல் வேலை பார்த்திருக்கிறார். அந்த வீட்டுப் பெண்களோடு இவளையும் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு நாலு வருஷம் அனுப்பியிருக்கிறார்கள். கிடங்கில் அதுவரை இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

"சொல்லித் தர்றேன். ஆனா ஒண்ணு" என்றாள். "நான்தான் சொல்லித் தந்தேன்னு அண்ணாச்சிகிட்ட நீங்க சொல்லணும். என்னை மாசச் சம்பளத்துல போடச் சொல்லணும்."

காரணம் இருந்தது. சடையங்குப்பம் பள்ளம். மழை பிடித்தால் குடிசைக்குள் முழங்கால் தண்ணீர். மேட்டில் சர்க்காரில் மனை கொடுக்கிறார்கள், ஆனால் மாசச் சம்பளம் வாங்குகிறாள் என்று முதலாளி கடுதாசி கொடுத்தால்தான் மனுவை வாங்குவார்கள். அந்தக் கிடங்கில் பெண்கள் எல்லோரும் தினக்கூலிதான். மாசச் சம்பளம் கேட்டதற்கு அண்ணாச்சி ஏற்கெனவே ஒரு முறை "பாப்போம்" என்று சொல்லியிருந்தார். முதலாளிகளின் "பாப்போம்" என்ன என்று உங்களுக்கே தெரியும்.

"அதுக்கின்னா, சொல்லிட்டா போச்சு" என்றேன். வாக்குக் கொடுப்பது அந்த வயசில் எவ்வளவு சுலபமாக இருந்தது!

ஆனால் அவளிடம் கற்றுக்கொள்வது இருக்கிறதே, அப்பப்பா. தாள் வேண்டாம், மை வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீர், ஒரு தூரிகை, சிமென்ட் தரை. எழுத எழுத வெயிலில் காய்ந்துவிடும், மறுபடி எழுதலாம். அவள் எதிரே குந்திக்கொண்டு என் எழுத்தைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். ஒரு கோடு முன்னே பின்னே போனால் போதும், "மொதல்லேருந்து" என்பாள். முதல் எழுத்துக்கு ஐந்து கோடு, இரண்டாவதுக்கு ஏழு, மூன்றாவதுக்குப் பதினொன்று. இருபத்திரண்டு கோட்டைச் சரியாகப் போட்டுவிட்டு இருபத்துமூன்றாவதில் பிசகினாலும் "மொதல்லேருந்து". அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத் தூரிகையைக் கடலில் வீசிவிடலாமா என்று இருக்கும்.

இரண்டாவது எழுத்தில் சிலுவை மாதிரி ஓர் இடம் வரும். குறுக்குக் கோடு முதலில், நெட்டுக் கோடு பிறகு. எனக்கு வரவே வராது. ஞானஸ்நானம் வாங்கின நாளிலிருந்து நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இழுத்துவிட்டு, அப்புறம்தான் தோளுக்குத் தோள் போட்டுப் பழகிய கை. சிலுவை என்று கண்டாலே கை தானாக மேலிருந்து கீழே இறங்கிவிடும்.

"குறுக்கு மொதல்ல!"

"இன்னாம்மே நீ! எங்க சாமி சிலுவைய நான் இப்டித்தான் போடுவேன்."

"கோயில்ல போடுறதக் கோயில்ல வச்சுக்கங்க. இது சுறாப்பீலி. மொதல்லேருந்து."

இப்படியே பத்து நாள் போனதில் கை திரும்பிவிட்டது. திரும்பினது கிடங்கோடு நின்றதா? சாயங்காலம் வீட்டில் எல்லோரும் ஜெபமாலைக்கு முட்டி போட்டிருந்தபோது என் கை நேராக இடது தோளுக்குப் போயிற்று. அம்மா பாதி ஜெபத்தில் என் முதுகில் ஒன்று வைத்தாள். "சிலுவைய குறுக்கால போடுறான் பாரு! பேய் கீய் புட்ச்சிகிச்சாடா உன்ன?" தங்கைகள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு ஜெபமே நடக்கவில்லை.

மூன்றாவது எழுத்துதான் அந்தக் கட்டம். நான் என்ன செய்தேன், நாலு பக்கமும் போட்டுவிட்டு உள்ளே நிரப்பினேன். வீடு கட்டுகிறவன் சுவரை எழுப்பிவிட்டுத்தானே உள்ளே சாமான் வைப்பான்? "அல்லாம் முடிச்சுட்டு பாத்தா ஒரே மாதிரிதானே கீது? எத மொதல்ல போட்டா இன்னா?" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன்.

அவள் கோபப்படவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த மரப்பெட்டியைத் தட்டிக் காட்டினாள். "மூடிய ஆணி அடிச்சிட்டா பீலிய அடுக்குவீங்க? அடுக்கிட்டுத்தானே மூடி? அப்ப இதுல மட்டும் ஏன்?" என்றாள்.

அடைக்கவேண்டியதை அடைத்துவிட்டு, கடைசியாக அடியில் ஒரு கோடு. அப்படிப் போட்டதும் உள்கோடுகள் எல்லாம் இடம் பார்த்துத் தாமாகவே உட்கார்ந்தன. தண்ணீர் எழுத்து காயும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நடுவில் துறைமுகத்து கேட்டில் ஒரு கூத்து. சீனாவோடு சண்டை நடந்து சில வருஷந்தான் ஆகியிருந்தது. காவலாளி என் பையைச் சோதித்ததில் நான் எழுதிப் பார்த்த தாள் அகப்பட்டுவிட்டது. "இன்னாபா இது? சீனாக்காரனுக்குத் தோஸ்தா நீ? இன்னா எழுதிகீது?" என்றான். எனக்குத் தெரியாது என்றேன். "தெரியாமயே பக்கம் பக்கமா எழுதுவியா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அரை மணி நேரம் நிற்கவைத்து, கடைசியில் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பீலிக் கிடங்கு ஆள் என்று நம்பி விட்டான்.

அடுத்த கப்பலுக்கு எழுதி அனுப்பினேன். குறை ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த கப்பலில் தவ்கேயே வந்து இறங்கினார். ஒல்லியான மனுஷன், வெள்ளைச் சட்டை, கையில் குடை. கிடங்குக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்தாமல் இழுத்து மூச்சு விட்ட முதல் விருந்தாளி அவர்தான். என்னைக் கூப்பிட்டு ஒரு புதுப் பெட்டியில் எழுதச் சொன்னார். கிடங்கு மொத்தமும் கூடிவிட்டது. நான் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் விரல் அவர் உள்ளங்கையில் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. கட்டத்தின் கீழ்க்கோட்டைப் போட்டு முடித்ததும், "ம்" என்று தலையாட்டி அண்ணாச்சியிடம் மலாயில் ஏதோ சொன்னார்.

"நல்ல பள்ளிக்கூடத்துல படிச்ச சின்னப் பிள்ளை எழுத்து மாதிரி இருக்காம்லே" என்றார் அண்ணாச்சி. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஒனக்கு யாரு சொல்லித் தந்தாங்க?"

பத்தடி தள்ளித் தனபாக்கியம் பீலி பிரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நானே பாத்துப் பாத்துக் கத்துகினேன் அண்ணாச்சி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அரை நூற்றாண்டாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், தினக்கூலிப் பெண்ணிடம் படித்தேன் என்றால் ஆயுசுக்கும் ஓட்டுவார்கள் என்பது ஒன்று. ஆனால் அது சின்னக் காரணம். அவளுக்கே எழுத வரும் என்று தெரிந்துவிட்டால், பிறகு இவன் எதற்கு என்று அண்ணாச்சி கேட்டுவிடுவாரோ என்கிற பயம்தான் பெரிசு. தவ்கே என் தோளைத் தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் வெட்கம் இல்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சோற்று நேரத்தில் அவள் சண்டை போடுவாள் என்று பதில் எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் கை கழுவிக்கொண்டே, "ஐப்பசி பொறந்திருச்சு ரைட்டரே. மழை வந்திரும்" என்றாள்.

"அடுத்த கப்பல் போவட்டும் தனம். தனியா பாத்து சொல்றேன்."

"சரி" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த கப்பலும் போயிற்று. அன்றைக்கு அண்ணாச்சிக்கு மூடு சரியில்லை. பிறகு எனக்குக் காய்ச்சல். பிறகு தீபாவளி. சொல்லாமல் இருப்பதற்குத்தான் எத்தனை காரணங்கள் கிடைக்கின்றன! பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் கொட்டியது. சடையங்குப்பத்தில் கூரை வரை தண்ணீர் என்று சொன்னார்கள். மழை விட்டு மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். தனபாக்கியம் வரவில்லை. எண்ணூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்றாள் ஒருத்தி. தெற்கே ஏதோ மில்லுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்றாள் இன்னொருத்தி. நான் பெட்டிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளமும் ஏறியது.

பல வருஷம் கழித்து, கிடங்கை மூடிவிட்டு அண்ணாச்சி படுத்த படுக்கையாக இருந்தபோது பார்க்கப் போனேன். பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தோம். சீன எழுத்துப் பேச்சு வந்தது.

"அந்த பர்மாக்காரப் பிள்ளை ஒண்ணு இருந்துச்சே" என்றார். "தவ்கே வாரதுக்கு ரெண்டு நாள் முந்தி எங்கிட்ட வந்து, 'ரைட்டருக்கு நான்தான் சொல்லித் தாரேன், அவரையே கேளுங்க'ன்னுச்சு. சரின்னு மனைக்குக் கடுதாசியும் எழுதி வச்சிட்டேன். அதான் அன்னைக்கு எல்லார் முன்னாலயும் ஒன்னைக் கேட்டேன். நீ இல்லைன்னுட்ட. என்னமாப் பொய் சொல்லுதுன்னு கடுதாசியைக் கிழிச்சுப் போட்டேன்."

உதவி செய்யாமல் விட்டேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படுத்துக் கிடக்கிற மனுஷன் என்றுகூடப் பாராமல், "நீங்க அவளையும் கூப்ட்டு ஒரு தபா எழுதச் சொல்லிப் பாத்துருக்கலாமே அண்ணாச்சி! மாசச் சம்பளக்காரன் சொன்னா நெசம், தினக்கூலி சொன்னா பொய்யா?" என்று கத்தினேன்.

அவர் என்னையே பார்த்தார். "அப்ப அந்தப் பிள்ளை சொன்னது நெசமாலே?"

"நெசம்தான் அண்ணாச்சி."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய மனைவி காபி கொண்டுவந்தாள். குடிக்காமலே கிளம்பிவிட்டேன்.

இப்போது கிடங்கு இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பெட்டியில் யாரும் எதையும் கையால் எழுதுவதில்லை. எல்லாவற்றுக்கும் நம்பர். பீலியை வெளிநாட்டுக்கு அனுப்பவே தடை போட்டாகிவிட்டது. அந்த நாற்றத்தை முகர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. குழாயடியில் மறிக்க அம்மாவும் இல்லை.

அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு வந்த வாரமே சடையங்குப்பம் போனேன். பர்மாக்காரர்கள் இருந்த குடிசை வரிசையைக் காணோம். தண்ணீர் தேங்கின தடம் மட்டும் அப்படியே பக்கத்து வீட்டுச் சுவர்களில் இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், பர்மாவிலிருந்து வந்த தனபாக்கியம் என்று விசாரித்தேன்.

"தனபாக்கியமா? இங்க அந்தப் பேர்ல நாலஞ்சு பேரு இருந்தாங்கோ. அப்பா பேரு இன்னா, சொல்லு. கண்டுபுட்ச்சிர்லாம்" என்றார்.

ரங்கூனில் செருப்புக்கடைச் சீனர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர் என்றேன்.

"அதான், பேரு இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை மத்தியானங்கள் எதிரே உட்கார்ந்திருந்தும் நான் ஒரு நாள்கூட அவளிடம் அதைக் கேட்டதில்லை.